பகுலா நாலாவிலிருந்து வந்த நடுங்கும் ஒலி

சிவஞானத்துக்கு இந்தி காது வழியாகத்தான் வந்தது. அதுவும் மனிதக் குரலாக வரவில்லை. ஹெட்போனில், புள்ளியும் கோடுமாக, எழுத்து எழுத்தாக வந்தது. அதனால் போர்ட் பிளேருக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் அவர் பேசும் இந்தியில் சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி இருந்தது. அபர்தீன் பஜாரில் மீன் விற்கிறவள், அவர் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் இரண்டு பேருக்கு மீன் அறுத்துக் கொடுத்துவிடுவாள்.

"உங்க சாருக்கு இந்தி தபால்ல வருதாம்மா?" என்று அவள் ஒருநாள் அவர் மனைவி இந்திராணியிடம் அரைத் தமிழில் கேட்டாள். இந்திராணி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோவில்பட்டியில் தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு, 1959இல் கப்பலேறி வந்தவர் சிவஞானம். லம்பா லைனில் வீடு. மேட்டின் மேல் ஒரு தகரக் கூரைக் கட்டடத்தில் வயர்லெஸ் நிலையம். யுத்த காலத்தில் மிச்சமான வயர்லெஸ் பெட்டிகள்தான் அங்கே இருந்தன. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வெளி நிலையங்கள் ஆறையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கப்பல் வருகிற நாள், அரிசி வந்த மூட்டை, காய்ச்சல் கண்டவர்கள், மழை அளவு, எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் போய் வரவேண்டும். மாலை நான்கு மணிக்கு இன்னொரு முறை.

அந்த ஆறு நிலையங்களில் ஒன்றில் மலையாளி, ஒன்றில் தெலுங்கர், ஒன்றில் பஞ்சாபி, மாயாபந்தரில் பர்மாவிலிருந்து வந்த ஒரு கரேன்காரர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் கையைத் தெரியும். தந்தி அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் கை உண்டு. ஒருவர் கோட்டை இழுத்து அடிப்பார், ஒருவர் புள்ளிகளைக் கொறிப்பார். இரண்டு எழுத்து கேட்டாலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சிவஞானம் சொல்லிவிடுவார். நேற்று அவருக்குத் தூக்கம் இருந்ததா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவார்.

வடக்கே, திக்லிபூரையும் தாண்டி, பகுலா நாலா என்று ஒரு கழிமுகம். மரம் வெட்டும் முகாம் ஒன்று, அதையொட்டி வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நெல்வயல்கள், ஒரு வயர்லெஸ் குடிசை. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஹரிபத மண்டல். அவரும் அகதியாக வந்தவர்தான். முன்பு ரயில்வேயில் தந்தி அடித்தவர். அந்தக் குடிசைக்கு மின்சாரம் கிடையாது. ஒருவர் கையால் ஜெனரேட்டரைச் சுற்ற வேண்டும், சுற்றும் வரைதான் பெட்டிக்கு உயிர். சுற்றுகிறவர் ராஞ்சிப் பக்கத்துக் கூலியாள் என்பது மட்டும் சிவஞானத்துக்குத் தெரியும். அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

முதல் வருடம் சிவஞானம் ஹரிபதவை நம்பவில்லை. ஒவ்வொரு செய்தியையும் திருப்பி அடிக்கச் சொல்லுவார். ஹரிபதவும் சளைக்காமல் திருப்பி அடிப்பார். அடுத்த வருடம் டிசம்பரில் ஒருநாள், ரேஷன் கப்பல் வரும் தேதியைச் சிவஞானம் ஒரு நாள் தள்ளி அடித்துவிட்டார். முகாம் ஆட்கள் அந்த நாளுக்குத்தான் தெப்பத்தில் கழிமுகம் வந்து காத்திருப்பார்கள். பிழையான நாளில் வந்தால் கப்பல் போயே போய்விடும், இன்னும் ஒரு மாதத்துக்கு அரிசி கிடையாது. மாலை நான்கு மணிக்கு ஹரிபத, "கப்பல் வரியை மட்டும் இன்னொரு தடவை" என்று கேட்டார். மாயாபந்தர்காரர் வேறு தேதி சொன்னார் என்றோ, நீ தப்பு செய்தாய் என்றோ ஒரு எழுத்து இல்லை. சிவஞானம் பார்த்தார், வியர்த்தார், சரியாக அடித்தார்.

"SAB SUNA" என்று பதில் வந்தது. எல்லாம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் செய்தி கிடைத்ததற்கு அடையாளம் அந்த இரண்டு சொல்தான். ஆங்கிலக் குறியீட்டை விட்டுவிட்டார்கள். திருப்பி அடிப்பதும் நின்றது. வேலை முடிந்ததும் ஹரிபத ஒரு கேள்வி கேட்பார், இன்றைக்கு என்ன சமையல் என்று. சிவஞானம் பெரும்பாலும் ரசம் என்பார். "AAJ BHI RASAM?" இன்றைக்குமா ரசம்? அது தினசரிக் கேலியாகிவிட்டது.

"ஏங்க, அந்த வங்காளத்து அண்ணனுக்கு நம்ம வீட்டு அடுப்புல என்ன சோலி?" என்பார் இந்திராணி.

"அவன் தினம் மீனு திங்கான். நம்மள நெனச்சா அவனுக்குப் பாவமா இருக்காம்."

"அப்ப மீன அனுப்பச் சொல்லுங்க. தந்திலதான் எல்லாம் வருதே."

ஏறக்குறைய மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

1963 ஜூனில் வேறொரு மரமுகாமில் ஒரு குமாஸ்தா குடித்துவிட்டு, ஆபரேட்டர் குளிக்கப் போன நேரத்தில் தந்தித் தட்டுவிசை முன் உட்கார்ந்து, ஆள் சாகக் கிடக்கிறது படகு அனுப்பு என்று அடித்தான். தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போக அவனுக்குப் படகு வேண்டியிருந்தது. புதுக் கை என்று தெரிந்தும் சிவஞானம் அதை ஏற்று அனுப்பினார். படகு கடலில் ஒரு முழு நாள் போய் வந்தது. அவருக்கு மெமோ வந்தது. கோவில்பட்டியையும் சேர்த்து ஏழு வருட வேலையில் முதல் மெமோ.

"கை தெரியாம எப்படிய்யா வாங்குன? நீதான் பெரிய கை ஜோசியக்காரனாச்சே!" என்று மேலாளர் ஜம்புலிங்கம் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சோதனைச் சொல். அச்சிட்ட தாள் ஒவ்வொரு நிலையத்திலும் பெட்டியில் பூட்டி இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் வாங்கக் கூடாது.

ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு மணி. ஐந்து நிலையங்கள் முடிந்து பகுலா நாலாவைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பன்னிரண்டு இருபதுக்கு வந்தது.

ஹரிபதவின் கை அல்ல. ஒவ்வொரு சொல்லும் ஒரு கட்டையைத் தூக்கி வைத்ததுபோல் வந்தது. அதைவிட மோசம், ஒலி நிலையாக இல்லை. ஏறியது, இறங்கியது, மெலிந்து அழுகிறமாதிரி ஆகி மறுபடி ஏறியது.

"HARIPADA BIMAR. DONGI BHEJO."

ஹரிபதவுக்கு உடம்பு சரியில்லை, தோணி அனுப்பு. ஒவ்வோர் எழுத்தும் சிவஞானத்துக்குக் கேட்டது. அவர் இன்றைய சொல் என்ன என்று கேட்டார். பதிலாக அதே செய்தி மறுபடி வந்தது. சொல்லைக் கேட்டார். மூன்றாம் முறையும் அதே. பிறகு சற்று நின்று, அந்தக் கை இன்னொரு சொல்லை வைத்தது.

"RASAM."

சிவஞானத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மூன்று வருடமாகத் தானும் ஹரிபதவும் மட்டும் பேசிக்கொண்டதாக நினைத்த ஒன்றை எவனோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். அதைக் காட்டித் தன்னை ஏய்க்கப் பார்க்கிறான். ஜம்புலிங்கம் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். சிவஞானம், அடிப்பதை நிறுத்து என்று ஆங்கிலக் குறியில் அடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றினார். ரிஜிஸ்டரில் 12.20 என்று நேரத்தை மட்டும் எழுதினார். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றபோது அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சொல் பகுலா நாலாக் குடிசையைத் தவிர வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. தெரிந்தும் அவர் உள்ளே போய்க் கூப்பிடவில்லை. நான்கு மணிக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நான்கு மணிக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து பதில் வரவில்லை.

மறுநாள் மாயாபந்தர்காரர் செய்தி அனுப்பினார். பகுலா நாலா ஆபரேட்டர் விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்தார். குடல்வால் வெடித்துவிட்டது. மாயாபந்தரில் அன்று ஒரு லாஞ்ச் படகு சும்மா கட்டிக் கிடந்தது. போக ஐந்து மணி நேரம்தான்.

"ஏன்யா, நேத்து அவங்க கூப்பிட்டாங்களா?" ஜம்புலிங்கம் கேட்டார்.

"கூப்பிட்டாங்க சார்." சிவஞானத்தின் வாய் தானாகவே போயிற்று. "சவுண்ட் ஒரே ஆட்டம். படிக்க முடியல."

"ஜெனரேட்டர ஒழுங்கா சுத்திருக்க மாட்டானுங்க. எழுதிடு."

காலியாக இருந்த கட்டத்தில் அவர் எழுதினார். ஒலி நிலையற்றது, படிக்க இயலவில்லை. விசாரணை ஒரே வாரத்தில் முடிந்தது. ஜெனரேட்டர் சீராகச் சுற்றப்படாததால் செய்தி படிக்கும் நிலையில் இல்லை என்று அறிக்கை சொன்னது. சிவஞானத்தின் பேரில் குற்றம் இல்லை.

பகுலா நாலாவுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக ஆபரேட்டர்கள் போனார்கள், காய்ச்சலோடு திரும்பினார்கள். சிவஞானத்துக்கு மட்டும் அந்த ஒலி நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக் கூப்பாடு முடிந்து எல்லா நிலையங்களும் ஓய்ந்த பிறகு, இரைச்சலுக்கு அடியில் அது இருக்கும். ஏறும், இறங்கும், மெலியும். சொல் இருக்காது, வெறும் நடுக்கம்தான். பக்கத்தில் இருந்தவரிடம் ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். மழை இரைச்சல் என்றார் அவர்.

வீட்டில் இந்திராணியிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. துணி மடிப்பில் தடிமன் வந்தால் சக்கரம் கனக்கும், சத்தம் தணியும், தாண்டியதும் எகிறும்.

"நிறுத்து," என்பார் சிவஞானம்.

"மெஷினோடகூடப் பகையா உங்களுக்கு? பிள்ளைக்குப் பாவாடை வேணும்ல!"

1965இல் பகுலா நாலா மறுபடி காலியானபோது, அவரே எழுதிக் கொடுத்தார். எதற்காகப் போகிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. யார் அந்தக் கை, யார் சுற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்த ஒலி நிற்கும் என்று தோன்றியிருக்கலாம்.

"காட்டுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து சொல்லுதீக," என்றார் இந்திராணி. "அங்க ரசம் வைக்க ஆளு உண்டா?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். சிவஞானம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

திக்லிபூர் வரை கப்பல், அங்கிருந்து தோணி. கரையில் ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், அகன்ற தோள். இவர் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"பத்ராஸ் டோப்போ," என்றார். "ஜெனரேட்டர் நான்தான் சுத்தறேன், பாபு. பதினோரு வருஷமா."

அவர்கள் பேசியது இந்தியில். சிவஞானத்தின் இந்தி வழக்கம்போல் நின்று நின்று வந்தது. பத்ராஸ் அதற்குச் சிரிக்கவில்லை, ஒவ்வொரு சொல்லும் முடிகிறவரை காத்திருந்தார்.

குடிசையில் மேஜை, வயர்லெஸ் பெட்டி, பூட்டிய சோதனைச் சொல் பெட்டி. மூலையில் முக்காலியில் ஜெனரேட்டர், இரண்டு பக்கமும் கைப்பிடி. முதல் நாள் வேலை முடிந்ததும் சிவஞானம் கேட்டார், உனக்குத் தந்தி அடிக்கத் தெரியுமா என்று.

"தெரியாது, பாபு. படிக்கவே தெரியாது. எடை தெரியும்."

சிவஞானத்துக்குப் புரியவில்லை. பத்ராஸ் அவரைக் கூட்டிப்போய் ஜெனரேட்டர் முன்னால் உட்கார வைத்து, சுற்றச் சொன்னார். தான் போய்த் தட்டுவிசையை அழுத்தினார். சிவஞானத்தின் கையில் கைப்பிடி சட்டென்று கனத்தது. விட்டதும் லேசாயிற்று. நீளமாக அழுத்தினால் நீளமாகக் கனத்தது. பெட்டி சக்தியை இழுக்கும்போதெல்லாம் சுற்றுகிறவர் தோளில் அது பாரமாக இறங்குகிறது. ஹரிபத அடித்த ஒவ்வோர் எழுத்தும் பத்ராஸின் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது.

"சில பாரம் தினமும் வரும். இது என்னன்னு ஹரிபத தாதாகிட்ட கேட்பேன். இது என் பேர், இது பீமார், இது தோணி அனுப்பு, இதுதான் சப் சுனான்னு சொல்லுவார். கடைசியில ஒண்ணு வரும், அப்போ சிரிப்பார். அது என்னன்னு கேட்டேன். போர்ட் பிளேர்ல ஒரு மதராஸி இருக்கான், அவன் வீட்டு ரசம்னு சொன்னார்."

சிவஞானம் கைப்பிடியை விட்டார். பெட்டி அணைந்தது.

பத்ராஸுக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து போன சொற்கள்தான். அங்கிருந்து வருவது ஹெட்போனில் வரும், அது அவர் தோளுக்கு வராது. அன்றைக்கு ஹெட்போனில் குருவிக் கூட்டம்போல் ஏதோ கேட்டது, அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மூன்று தடவை அடித்தார். நம் ஆட்கள்தான் என்று காட்ட ரசத்தையும் அடித்தார். பிறகு ஒன்றும் வரவில்லை. ஹரிபத அப்போது நினைவில்லாமல் கிடந்தார்.

"நீ அடிச்சா, சுத்தினது யாரு?"

"பாபி. ஹரிபத தாதாவோட சம்சாரம். வேற யார் இருந்தாங்க? ஆளுங்க எல்லாம் காட்டுல." பத்ராஸ் வாசலைப் பார்த்தார். "சனிக்கிழமை வருவாங்க."

சனிக்கிழமை பன்னிரண்டு மணி வேலை முடிந்த சற்று நேரத்தில் சாருபாலா மண்டல் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வயலிலிருந்து நேரே வந்ததால் புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. யாரையும் கேட்காமல் ஜெனரேட்டர் முன்னால் உட்கார்ந்து, கைப்பிடிகளைப் பிடித்து, சுற்ற ஆரம்பித்தார். பத்ராஸ் மேஜையோரம் போய் நின்றார். இது எப்போதும் நடப்பது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இப்போ சரியா சுத்தறேனா, பத்ராஸ்?"

"சரியா இருக்கு, பாபி."

"நீ எப்பவும் இதைத்தான் சொல்ற." அவர் சிவஞானத்தைப் பார்த்தார். "நீங்க பெரிய ஸ்டேஷன்லேருந்து வந்தவராமே. காதுல மாட்டிக் கேட்டுச் சொல்லுங்க. காட்டிலாகா ரேஞ்சர் பாபு ரிப்போர்ட்டைப் படிச்சார். சரியாச் சுத்தலைன்னு போட்டிருந்தது. எவ்வளவு வேகம்னா கேட்கும்?"

சிவஞானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுவிசையை அழுத்தினார். அந்த ஒலி அவர் காதில் ஏறியது. ஏறியது, இறங்கியது, மெலிந்து மறுபடி ஏறியது. இரண்டு வருடமாக மழை இரைச்சலுக்கு அடியில் கேட்ட அதே ஒலி, இப்போது எட்டடி தூரத்தில், வியர்வை வழியும் இரண்டு கைகளிலிருந்து வந்தது.

"சரியா இருக்கு," என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் சாருபாலா. எழுந்து உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். கைப்பிடிகள் இரண்டும் வழவழவென்று மின்னின. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள்.

அந்தப் பெண் தன் கைகள்தான் புருஷனைக் கொன்றன என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் இப்போதும் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். படுத்திருந்தாலும் அந்த ஒலி கேட்டது.

வாயால் சொல்லிப் பார்க்க முயன்றார். சோற்றுக்கு உட்காரும்போது, "பத்ராஸ், அன்னைக்கு..." என்று ஆரம்பிப்பார். இந்திச் சொற்கள் ஒன்றோடொன்று சேராது. தமிழிலாவது வருமா என்று தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தார். தமிழில் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்திலும் மெமோ வந்தது, ஜம்புலிங்கம் வந்தார், விதி வந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள், சொல்ல வந்தது பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு மணி வேலை முடிந்தது. பத்ராஸ் கைப்பிடியை விடப்போனார்.

"விடாதே. சுத்து."

சிவஞானம் எழுந்து பெட்டியிலிருந்து ஏரியல் கம்பியைக் கழற்றினார். இனி என்ன அடித்தாலும் இந்தக் குடிசையைத் தாண்டிப் போகாது. ஏரியல் இல்லாதபோது பாரம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பத்ராஸுக்கு அது போதும். அவர் கேள்வி கேட்காமல் சுற்றினார். சிவஞானம் தட்டுவிசையில் கைவைத்தார். பத்ராஸுக்குத் தெரிந்த சொற்கள் மட்டும்தான் வேண்டும். நல்லவேளை, அதற்கு மேல் தேவைப்படவில்லை.

HARIPADA BIMAR.

பின்னால் ஜெனரேட்டரின் சுழற்சி ஒரு நொடி தடுமாறி மறுபடி சீரானது.

DONGI BHEJO.

RASAM.

சிவஞானம் நிறுத்தினார். பத்ராஸ் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார். வெறும் கைப்பிடி லேசாகச் சுழன்றது, அடுத்த பாரத்துக்காக.

SAB SUNA.

சுழற்சி நின்றது. பெட்டியின் சிறு விளக்கு மங்கி அணைந்தது. சிவஞானம் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே யாரோ எருமையை ஓட்டிப் போனார்கள். மணிச்சத்தம் தேய்ந்தது.

"எல்லாமா?" என்றார் பத்ராஸ்.

"எல்லாம்."

"போர்ட் பிளேர் மதராஸி நீதானா?"

வந்த நாளிலிருந்து அவர் சொன்ன 'பாபு' அதில் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"நான்தான்."

பத்ராஸ் எழுந்து வந்தார். அடிப்பார் என்று சிவஞானம் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். பத்ராஸ் ஏரியல் கம்பியை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"இங்க எனக்கு மட்டும் சொன்னா ஆச்சா? பாபி மேல பழி காகிதத்துல இருக்கு. அந்தக் காகிதத்துக்குச் சொல்லு. நான் சுத்தறேன்."

நான்கு மணிக்கு சிவஞானம் ரிஜிஸ்டரில் முதலில் எழுதினார், பிறகு அடித்தார். 1963 ஜூலையில் பகுலா நாலாவின் செய்தி முழுவதும், முதல் முறையிலேயே, தெளிவாகக் கேட்டது. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஆபரேட்டர் அதை ஏற்க மறுத்தார். படிக்க இயலவில்லை என்ற குறிப்பு பொய். ஜெனரேட்டர் சுற்றியதில் பிழை இல்லை. கீழே தன் பெயர். மற்ற ஐந்து நிலையங்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. பத்ராஸ் சுற்றிய சுற்றில் ஒலி ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

போர்ட் பிளேர், திருப்பி அடி என்றது. சிவஞானம் ஆரம்பத்திலிருந்து திருப்பி அடித்தார்.

சனிக்கிழமை சாருபாலா வந்து ஜெனரேட்டர் முன்னால் உட்காரப்போனார். சிவஞானம் குறுக்கே வந்து நின்றார். பத்ராஸ் வாசலில் நின்றார், உதவிக்கு வரவில்லை.

"நீங்க... சரியா... சுத்தினீங்க," என்றார் சிவஞானம். "அன்னைக்கு. எனக்குக் கேட்டது. அங்க இருந்தது நான். ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. நான் நம்பல. படகு அனுப்பல. கேட்கலைன்னு பொய் எழுதினேன்."

சாருபாலா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவஞானத்தின் இந்தி எப்போதும் நின்று நின்று வருவதால், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பவர்போல் இருந்தார்.

"என்ன கேட்டது?" என்றார் கடைசியில். "நான் என்ன சுத்தினேன்? எனக்கு யாரும் சொல்லலை."

சிவஞானம் சொன்னார். ஹரிபத பீமார். தோணி அனுப்பு. ரசம்.

"ரசமா?"

"அது... உங்க வீட்டுக்காரர் எனக்குச் சொல்ற கேலி."

அவர் தலையசைத்தார். உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். காய்த்துப் போயிருந்தன. அது நாற்று நட்டதாலா, கைப்பிடியாலா என்று யாரும் சொல்ல முடியாது.

"முதல் தடவையே கேட்டதா?"

"முதல் தடவையே."

"அப்புறம் ஏன் என்னை மூணு தடவை சுத்த வெச்சீங்க?"

சாருபாலா பத்ராஸைத் தாண்டி வெளியே இறங்கி, வரப்பில் நடந்து போனார். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் குடிசைக்கு வரவில்லை.

புது விசாரணை வந்தது. சிவஞானத்தின் பதவி ஒரு படி இறங்கியது, பகுலா நாலாவிலேயே வைத்தார்கள். பழைய அறிக்கையில் ஜெனரேட்டர் பற்றிய வரியை நீக்கியதாக ஒரு கடிதம் வந்தது. ரேஞ்சர் அதைச் சாருபாலாவின் வாசலில் நின்று படித்தார். அதற்குப் பிறகும் பத்ராஸ் எட்டு வருடம் சிவஞானத்துக்குச் சுற்றினார். சோறு தனியாகத்தான் சாப்பிட்டார். ஒருமுறை சிவஞானத்துக்கு மலேரியா முற்றியபோது, கேட்காமலேயே தட்டுவிசை முன் உட்கார்ந்து செய்தி அடித்தவரும் அவர்தான். முகாம் ஆள் ஒருவர் சுற்றினார். மாயாபந்தர்க் கரேன்காரர் சோதனைச் சொல் எதுவும் கேட்கவில்லை. படகு சாயங்காலமே வந்தது.

1974இல் போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைத்தது. மின்சாரம் எல்லா இடத்துக்கும் வர ஆரம்பித்துவிட்டது, புதுப் பெட்டிகளில் எல்லார் ஒலியும் ஒரே மாதிரி இருந்தது. எந்தப் புதுக் கை கூப்பிட்டாலும் சிவஞானம் முதலில் செய்தியை வாங்குவார், படகுக்குச் சொல்வார், பிறகுதான் யார் என்று கேட்பார். இரண்டு முறை ஏமாந்தார். இரண்டு மெமோ வந்தது. வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார்.

லம்பா லைன் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்திருந்தது. இந்திராணி மகளின் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். மடிப்பில் தடிமன் வந்தது, சக்கரம் கனத்தது, சத்தம் தணிந்து மெலிந்தது. அவர் வழக்கம்போல் கையை எடுத்தார்.

"நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். மொறைக்காதீக."

சிவஞானம் நாற்காலியில் நிமிர்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், ஹெட்போன் மாட்டியவர்போல.

"நிறுத்தாதே," என்றார். "சுத்து. அவங்க முடிக்கட்டும்."

"எவங்க?"

இந்திராணி சற்று நேரம் அவரைப் பார்த்தார். பிறகு சக்கரத்தில் கைவைத்து, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார்.